கைக்குழந்தையோட கவகோயே பழைய கடைத்தெரு: எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க

நாங்க டோக்கியோல நிஷி கசாய் பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு எட்டு மாசம் இருக்கும்போது முதல்தடவ கவகோயே போனோம், அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவ போயிட்டோம். முதல் தடவ என்னென்ன சொதப்ப முடியுமோ எல்லாம் சொதப்பினோம். இப்ப யாராவது வீட்ல குழந்த பொறந்து ஆறு மாசம் ஆச்சுன்னா "அக்கா, அந்த கறுப்பு வீட்டுத் தெருவுக்கு போலாமா"ன்னு மெசேஜ் வந்துடுது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

அது என்ன ஊரு? அங்க என்னதான் இருக்கு?

சைத்தாமா மாநிலத்துல இருக்கற ஊரு, டோக்கியோலேர்ந்து வடமேற்கால. கோஎடோன்னு செல்லப்பேர் உண்டு, அதாவது குட்டி எடோ. எடோங்கறது டோக்கியோவோட பழைய பேரு. அந்தக் காலத்துல இங்கேர்ந்து அரிசி, காய்கறி, கிழங்கு எல்லாம் ஷின்காஷி ஆத்துல படகுல ஏத்தி எடோவுக்கு அனுப்புவாங்களாம், அந்த வியாபாரத்துல காசு பாத்த வியாபாரிங்க கட்டின கடைத்தெருதான் இப்ப நாம போய் நின்னு போட்டோ எடுக்கறது. தெரு பேரு இச்சிபன்காய். காய்னா அங்க தெரு, என் வீட்டுக்காரர் முதல்ல ஏதோ மார்க்கெட்னுதான் நெனச்சாரு.

கட்டிடம் எல்லாம் ஏன் இவ்ளோ தடியா, கறுப்பா இருக்கு?

இதத் தெரிஞ்சுகிட்டு போனா தெருவே வேற மாதிரி தெரியும், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1893 மார்ச்ல ஊர்ல பெரிய தீ. 1,300 வீட்டுக்கு மேல எரிஞ்சு போச்சு, ஊர்ல மூணுல ஒரு பங்கு. எல்லாம் மரவீடு, பத்திகிட்டா நிக்காதுல்ல. ஆனா நடுவுல ஒண்ணு ரெண்டு கட்டிடம் மட்டும் அப்படியே நின்னுச்சு, அதுல ஒண்ணு ஓசாவா குடும்பத்து வீடு, 1792-ல கட்டினது, இப்பவும் அதே தெருவுல இருக்கு. ஏன் எரியலன்னு பாத்தா அது குராங்கற பாணி, மரச்சட்டத்து மேல களிமண்ண அடுக்கடுக்கா பூசி பூசி கனமா ஆக்கின சுவர், அதுக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு. மத்த வியாபாரிங்க இதப் பாத்துட்டு இனிமே கட்டினா இப்படித்தான் கட்டணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்ப டோக்கியோ பணக்காரக் கடைங்கள்ல கறுப்புப் பூச்சுதான் மவுசு, அதனால கறுப்பு.

மேல் மாடி ஜன்னல் கதவ கொஞ்சம் நின்னு பாருங்க. பேங்க் லாக்கர் கதவு மாதிரி தடிமனா இருக்கும், ஓரம் நேரா இருக்காது, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி இருக்கும், ரெண்டு கதவையும் சாத்தினா அந்தப் படிங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காந்துக்கும், நெருப்பு நுழைய இடுக்கே இருக்காது. மிச்ச சந்துக்கும் ஈரமண்ண அப்பிட்டு ஓடிடுவாங்களாம். இப்ப முப்பது பக்கம் குரா கட்டிடம் மிச்சம் இருக்கு. 1992-ல மேல தொங்கின கரண்ட் கம்பியெல்லாம் தரைக்கடியில போட்டுட்டாங்க, அதான் போட்டோல வானம் அவ்ளோ சுத்தமா தெரியுது. 1999-லேர்ந்து அரசாங்கப் பாதுகாப்புப் பகுதி.

எத்தன மாசத்துல கூட்டிட்டுப் போலாம்?

கழுத்து நின்னா போதும்னு ஜப்பான் அம்மாங்க சொல்வாங்க. எனக்குக் கேட்டா அஞ்சாறு மாசத்துலேர்ந்து நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் பெஸ்ட். நடக்க ஆரம்பிச்சுட்டா ரோட்டுக்குதான் ஓடும், அந்த ரோடு எப்படின்னு கீழ சொல்றேன்.

எந்த ட்ரெயின் ஈஸி?

மூணு வழி இருக்கு. இகெபுகுரோலேர்ந்து தோபு தோஜோ லைன், எக்ஸ்பிரஸ்ல அரை மணி நேரம், டிக்கெட் 500 யென் பக்கம், கவகோயே ஸ்டேஷன்ல இறங்கணும். ஜேஆர் லைனும் அதே ஸ்டேஷனுக்குதான் வருது. மூணாவது செய்பு ஷின்ஜுக்கு லைன், அது ஹொன் கவகோயேன்னு வேற ஸ்டேஷன்.

குழந்தையோட போனா நான் கண்ண மூடிட்டு மூணாவதுதான் சொல்வேன். ஹொன் கவகோயே கடைசி ஸ்டேஷன், தண்டவாளம் அங்கயே முடியுது, பிளாட்ஃபாரமும் கேட்டும் வெளிய ரோடும் எல்லாம் ஒரே மட்டம், லிஃப்ட் தேடவே வேணாம், ஸ்ட்ரோலர தள்ளிட்டு நேரா வெளிய வந்துடலாம். அங்கேர்ந்து பழைய தெருவுக்கு பத்து பதினஞ்சு நிமிஷ நடை. கவகோயே ஸ்டேஷன்ல இறங்கினா இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும், நடுவுல க்ரேயா மால்னு ஒரு கடைவீதி, அதத் தாண்டறதுக்குள்ள அரை நாள் போயிடும்.

நிஷி கசாய் ஆளுங்களுக்கு இன்னொரு வசதி, தோசாய் லைன்ல ஏறினா தகதனோபாபா வரைக்கும் ஒரே வண்டி, அங்க மாறினா செய்பு லைன். எக்ஸ்பிரஸ்ல அங்கேர்ந்து ஒரு மணி நேரம். கோஎடோன்னே பேர் வச்ச ஸ்பெஷல் வண்டி ஒண்ணு இருக்கு, தனியா சில நூறு யென் கட்டணும், முக்கால் மணி நேரத்துல போயிடும், ரிசர்வ் சீட்டு. காசு தண்டம்னு நெனச்சுட்டு முதல் தடவ சாதா வண்டில போனோம், திரும்பி வரும்போது நின்னுகிட்டே பொண்ண தூங்க வச்ச கதைய என் வீட்டுக்காரர் இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாரு.

குழந்தைக்கு டிக்கெட் கெடையாது. ஸ்ட்ரோலர மடிக்கணுமான்னு கேக்கறாங்க, வேணாம். 2014-லயே மடிக்காம ஏத்தலாம்னு அரசாங்கமே சொல்லி அதுக்குன்னு ஒரு சின்னமும் கொண்டுவந்தாங்க, அந்த ஸ்ட்ரோலர் படம் ஒட்டின பெட்டிய பாத்து ஏறுங்க. ஆனா காலைல ஆபீஸ் கூட்டத்துல மடிக்காம ஏறிப் பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நமக்குதான் மூச்சு முட்டும்.

ஸ்ட்ரோலரா, கேரியரா?

ரெண்டும். ஆனா பழைய தெருவுக்குள்ள கேரியர், ஸ்ட்ரோலர் பை தூக்கற வண்டி, அவ்ளோதான்.

இச்சிபன்காய் கார் போகாத தெரு இல்ல. போட்டோலாம் பாத்து நான் அப்படித்தான் நெனச்சேன். நெஜத்துல பஸ்ஸு, காரு, டெலிவரி வேனு எல்லாம் அதுவழியாத்தான் போகுது, ரெண்டு பக்கமும் நடைபாதை ஒல்லி. ஞாயித்துக்கிழம மதியம் நாங்க போனப்ப கடை வாசல்ல தாங்கோங்கற அரிசிமாவு உருண்டை வாங்க ஒரு க்யூ, அத தாண்ட முடியாம நடைபாதைல கூட்டம், நான் ஸ்ட்ரோலரோட முன்னாடி சக்கரத்த கொஞ்சம் ரோட்டுல இறக்கிட்டேன், பக்கத்துலயே பஸ் கண்ணாடி போகுது, எனக்கு ஈரக்கொல நடுங்கிடுச்சு. பஸ் டிரைவர் ஹாரன்கூட அடிக்கல, பொறுமையா நின்னு நாங்க மேல ஏறற வரைக்கும் வெயிட் பண்ணாரு, அது இன்னும் வெக்கமா போச்சு.

கடைக்குள்ளயும் அதேதான். குரா கடைங்க பழைய வீடுங்க, வாசல்ல ஒரு படி, உள்ள ஒரு படி, நடுவுல ஒரு ஆள் போற வழி, ரெண்டு பக்கமும் கண்ணாடி, பீங்கான். ஸ்ட்ரோலர வெளிய விடச் சொல்வாங்க, சில இடத்துல செருப்பையும் கழட்டணும், அதனால லேஸ் கட்டற ஷூ வேணாம். தாக்கோ ஹிமோன்னு அவங்க சொல்ற கேரியர்ல பாப்பாவ நெஞ்சோட கட்டிக்கோங்க, ஒரு கைய எப்பவும் பாப்பா கை மேல வச்சுக்கோங்க. என் பொண்ணு ஒரு சாப்ஸ்டிக் ஸ்டாண்ட புடிச்சு இழுத்தா பாருங்க, நல்லவேள எல்லாம் மரக்குச்சி.

எந்த நாள், எந்த நேரம்?

செவ்வாய் புதன் வியாழன், காலைல ஒம்பது ஒம்பதரைக்கு தெருவுல இருக்கணும். வருஷத்துக்கு 70 லட்சம் பேருக்கு மேல வர்ற ஊரு, அதுல பாதிப்பேர் சனி ஞாயிறு மதியம் ரெண்டு மணிக்கு அந்த ஒரே நடைபாதைலதான் நிப்பாங்க போல. திங்கக்கிழம கோட்டை மாளிகை, மியூசியம் எல்லாம் லீவு. கடைங்க பத்து மணிக்குதான் தெறக்கும், சாயங்காலம் அஞ்சுக்கே மூடிடுவாங்க. ஒம்பது மணிக்கு கடை இருக்காதேன்னு கேப்பீங்க, அதான் வேணும். ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடி வாசல கூட்டி தண்ணி தெளிப்பாங்க, காரும் கம்மி, பாப்பாவும் காலைல நல்ல மூட்ல இருக்கும், உங்க நல்ல போட்டோ எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துலதான் கெடைக்கும்.

அந்த மணிக்கூண்டு சத்தத்துக்கு பாப்பா அழுமா?

தோக்கி நோ கானேன்னு அதுக்குப் பேரு. மூணு அடுக்கு மரக்கோபுரம், 16 மீட்டர் உசரம், தீ விபத்துக்கு அடுத்த வருஷம் 1894-ல திரும்பக் கட்டினது. காலைல 6, மதியம் 12, 3, சாயங்காலம் 6, நாலு வேள அடிக்கும். இப்ப ஆள் அடிக்கறதில்ல, மெஷின்தான்.

கோயில் மணி மாதிரி கணீர்னு இருக்காது, ஹூம்ம்ம்னு அடி வயித்துலேர்ந்து வர்ற சத்தம், முடிஞ்சப்புறமும் காத்துல நிக்கும். பன்னெண்டு மணிக்கு கீழயே நின்னோம், முதல் அடிக்கு பொண்ணு வாய்ல இருந்த விரல எடுத்துட்டு மேல பாத்தா, ரெண்டாவதுக்கு என் மூஞ்சியப் பாத்தா, நான் சிரிச்சேன், அவளும் சிரிச்சுட்டா. மூணாவது தடவ போனப்ப பாடுபட்டு தூங்க வச்சு ஸ்ட்ரோலர்ல படுக்க வச்சேன், மணி 2:58-ன்னு கவனிக்கல. அப்புறம் என்ன, அழுகைதான். தூங்க வைக்கறதா இருந்தா மணிய பாத்துட்டு தள்ளிப் போயிடுங்க.

பால் குடுக்க, டயபர் மாத்த இடம்?

பழைய தெருவுக்குள்ள எதிர்பாக்காதீங்க. ஸ்டேஷன் பக்கத்துலயே வேலைய முடிச்சுட்டு போறதுதான் புத்திசாலித்தனம். ஸ்டேஷன ஒட்டின ஷாப்பிங் கட்டிடம், க்ரேயா மால்ல இருக்கற மருஹிரோ டிபார்ட்மென்ட் ஸ்டோர், இந்த மாதிரி பெரிய கடைங்கள்ல குழந்தைத் துணி விக்கற மாடிக்குப் போய் ஜுன்யூஷித்சுன்னு கேளுங்க. பால் குடுக்கற ரூம், திரை போட்ட தனி இடம், டயபர் மாத்தற மேடை எல்லாம் இருக்கும், பவுடர் பால் கலக்க வெந்நீர்கூட வச்சிருப்பாங்க. மருஹிரோ மொட்ட மாடில 2019 வரைக்கும் குட்டி ராட்டினம் எல்லாம் வச்ச ஒரு விளையாட்டு இடம் இருந்துச்சு, மூடிட்டாங்க, பாவம்.

தெருவுக்குள்ள இருக்கும்போது அவசரம்னா மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய டாய்லெட்ல மேடை இருக்கும், இல்லன்னா தாத்தாமிங்கற கோரைப்பாய் போட்ட ரூம் இருக்கற சாப்பாட்டுக்கடையா பாத்து உக்காருங்க. தாத்தாமில ஒரு துண்ட விரிச்சு பாப்பாவ கீழ விட்டுடலாம், நாமளும் கால நீட்டிக்கலாம், ஹை சேர விட ஆயிரம் மடங்கு மேல். டயபர் மட்டும் சாப்பாட்டு ரூம்ல மாத்தாதீங்க ப்ளீஸ், ஒருத்தங்க மாத்தினத பாத்தேன், நம்ம ஊர்க்காரங்கதான்.

வெந்நீர் ஃப்ளாஸ்க் தூக்க அலுப்பா இருந்தா ரெடிமேட் திரவப் பால் வாங்கிக்கோங்க, 2019-லேர்ந்து ஜப்பான் கடைங்கள்ல விக்குது, டப்பாவத் தெறந்து பாட்டில்ல ஊத்தினா முடிஞ்சுது.

அழுக்கு டயபர எங்க போடறது?

எங்கயும் போட முடியாது. ரோட்டுல குப்பத்தொட்டியே கெடையாது, வீட்டுக்குதான் தூக்கிட்டு வரணும். நாத்தம் வெளிய வராத பை மருந்துக்கடைல கெடைக்கும், அத ஒரு நாலஞ்சு எடுத்துட்டு போங்க.

பாப்பாக்கு அங்க சாப்பிட என்ன கெடைக்கும்?

சக்கரவள்ளிக்கிழங்கு! ஊரே கிழங்குதான். கிழங்கு ஐஸ்கிரீம், கிழங்கு சிப்ஸ், கிழங்கு பீர் வரைக்கும் இருக்கு. "கஷ்கொட்டைய விட ருசி, பதிமூணு ரி"ன்னு ஒரு பழைய சொலவடை இருக்கு, ரி-ங்கறது அந்தக் கால தூரக் கணக்கு, ஜப்பான் மொழில கஷ்கொட்டை குரி, அதுல கு-ன்னா ஒம்பது, "விட"ங்கறதுக்கு யோரி, அதுல யோ-ன்னா நாலு, கூட்டினா பதிமூணு. எடோலேர்ந்து கவகோயேக்கும் பழைய கணக்குல பதிமூணு ரி தூரம், அம்பது கிலோமீட்டர் சொச்சம். கிழங்கு விக்கறவன் மூளையப் பாருங்க. அக்டோபர் 13 கிழங்கு தினம் ஆனதும் இதனாலதான்.

ஆறு மாசம் தாண்டின குழந்தைக்கு சுட்ட கிழங்கு ஒண்ணு வாங்கி, தோல உரிச்சு, நார எடுத்துட்டு, கொஞ்சம் வெந்நியோ பாலோ விட்டு ஸ்பூன்ல மசிச்சா அதுவே சாப்பாடு. நான் ஒரு குட்டி ஸ்டீல் கிண்ணம் எடுத்துட்டுப் போயிருந்தேன், பெஞ்சுல உக்காந்து மசிக்கும்போது பக்கத்துல ஒரு பாட்டி வந்து "நான் காகெத்சு?"ன்னாங்க, எத்தன மாசம்னு அர்த்தம், இந்தக் கேள்வி அன்னிக்கு பத்து தடவயாவது வரும், பதில மனப்பாடம் பண்ணிக்கோங்க, எட்டு மாசம்னா "ஹச்சி காகெத்சு". சூடு ஆறிடுச்சான்னு தொட்டுப் பாக்கச் சொல்லி சைகை பண்ணாங்க. நடு கிழங்கு நெஜமாவே கொதிச்சுட்டு இருந்துச்சு, வெளிய ஆறினா ஏமாந்துடாதீங்க.

ரெண்டு விஷயம் குடுக்கவே கூடாது. ஒண்ணு தேன், ஒரு வயசுக்குள்ள ஒரு சொட்டுகூட வேணாம். 2017-ல டோக்கியோல ஆறு மாசக் குழந்த ஒண்ணு தேன் கலந்த ஜூஸ் குடிச்சு இறந்துபோச்சு. தேன்ல இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியோட வித்து வேகவச்சாலும் சாகாது, அதனால கஸ்தெரா கேக் மாதிரி தேன் போட்ட பலகாரமும் கூடாது. கடைல ஆசையா ஒரு துண்டு நீட்டுவாங்க, "ஹச்சிமித்சு?"ன்னு கேளுங்க, தேனான்னு அர்த்தம். ரெண்டாவது தாங்கோ, மோச்சி. அரிசிமாவு உருண்டை, ஒட்டும், தொண்டைல நின்னுடும். பெரியவங்களே திணறுவாங்க. கவகோயே தாங்கோ இனிப்பு இல்ல, சோயா சாஸ் தடவி நெருப்புல வாட்டினது, வாசனை ஆள இழுக்கும், நீங்க சாப்பிடுங்க, குச்சி பாப்பா கண்ணுல படாம.

நாங்க சைவம், என்ன பண்றது?

சூப், நூடுல்ஸ் தண்ணி எல்லாத்துலயும் மீன் தாஷி, அதாவது மீன் சாறு, இருக்கும், அத ஏத்துக்கமாட்டீங்கன்னா வீட்லேர்ந்து எலுமிச்ச சாதம் கட்டிட்டுப் போயிடுங்க. நாங்க அதத்தான் பண்றோம். குழந்தைக்கு விக்கற பாக்கெட் சாப்பாட்டுலயும் மீன், கோழி சாறு இருக்கும், அட்டைல மாசக்கணக்கு போட்டிருக்கறத மட்டும் பாத்துட்டு வாங்கிடாதீங்க.

மிட்டாய் சந்து குழந்தைக்கு தேவையா?

காஷியா யோக்கோச்சோன்னு அந்தச் சந்துக்குப் பேரு. 1923 பூகம்பத்துல டோக்கியோ மிட்டாய் கடைங்க எல்லாம் அழிஞ்சப்ப இங்கேர்ந்துதான் மிட்டாய் போச்சாம், அப்ப எழுபது கடை, இப்ப இருபது சொச்சம். எட்டு மாசக் குழந்தைக்கு அங்க திங்க ஒண்ணுமில்ல. ஆனா கலர் கலரா தொங்கறதப் பாத்து என் பொண்ணு கைய கால ஆட்டினது இருக்கே! கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு கறுப்புச் சக்கரை தடவின ஃபுகாஷிங்கற மிட்டாய் குச்சி விக்கறாங்க, பொண்ணோட உசரம் அப்ப 70 சென்டிமீட்டர்தான், ரெண்டையும் பக்கத்துல படுக்க வச்சு எடுத்த போட்டோ இன்னும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. குச்சிய ட்ரெயின்ல கொண்டு வர்றதுதான் பாடு, உடையும், சக்கரை கொட்டும்.

கிமோனோ வாடகைக்கு எடுத்து பாப்பாவோட போட்டோ?

கேரியர் கட்ட முடியாது, பால் குடுக்க முடியாது, எச்சி பட்டா எக்ஸ்ட்ரா காசு. வேணாம்பா.

கோயில் ஏதாவது சேத்துப் பாக்கலாமா?

ஒண்ணு மட்டும். ஹிகாவா கோயில் பழைய தெருவிலேர்ந்து நடக்கற தூரம், வெயில் காலத்துல ஆயிரக்கணக்குல கண்ணாடி காத்து மணி கட்டித் தொங்கவிடுவாங்க, காத்தடிச்சா பாப்பா மந்திரிச்சு விட்ட மாதிரி பாத்துட்டே இருக்கும். பொறந்து ஒரு மாசத்துல குழந்தைய கோயிலுக்குக் கொண்டு வர்ற ஒமியாமைரி சடங்குக்கு வர்ற குடும்பங்களையும் பாக்கலாம், பாட்டிதான் குழந்தைய தூக்கிட்டு வருவாங்க.

கிதா-இன் புத்த கோயில்ல 538 கல் சிலை இருக்கு, ஒண்ணோட மூஞ்சி மாதிரி இன்னொண்ணு இருக்காது, ஒண்ணு இன்னொண்ணு காதுல ரகசியம் சொல்லும். எடோ கோட்டைலேர்ந்து பிரிச்சு எடுத்துட்டு வந்த ரூம்கூட இருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்ச இடம், ஆனா ஊரோட அந்தப் பக்கம், பெரிய ஆளுங்களா மட்டும் போகும்போது வச்சுக்கோங்க. கோயில்ல பொதுவா சரளைக்கல்லு, ஸ்ட்ரோலர முன்னாடி தள்ளினா நகராது, திருப்பி பின்னாடி இழுத்துட்டுப் போங்க, சுலபமா வரும்.

வெயில்?

சைத்தாமா கடல் காத்து வராத உள்நாடு, ஜூலை ஆகஸ்ட்ல கொதிக்கும். இதே மாநிலத்துல குமாகயாங்கற ஊர்ல 2018-ல 41.1 டிகிரி அடிச்சுது. ஸ்ட்ரோலர் தரைக்குப் பக்கத்துல இருக்கறதால பாப்பாக்கு நம்மள விட சூடு ஜாஸ்தி. ஏப்ரல் மே, இல்லன்னா நவம்பர் போங்க.

அங்க போய் உடம்பு முடியலன்னா?

உசுருக்கு ஆபத்துன்னா 119. காய்ச்சல், வாந்தி, ராத்திரில என்ன பண்றதுன்னு தெரியலன்னா #8000, குழந்தைங்களுக்கான ஆலோசனை லைன், ஜப்பான் மொழி தெரிஞ்ச ஒரு ஃப்ரெண்ட லைன்ல சேத்துக்கோங்க. குழந்தையோட மை நம்பர் கார்டோ, இல்லன்னா பழைய இன்ஷூரன்ஸ் கார்டுக்குப் பதிலா இப்ப குடுக்கற தகுதிச் சான்றோ பைல இருக்கட்டும்.

மொத்தம் எவ்ளோ நேரம் ஒதுக்கணும்?

எங்க மூணாவது தடவ கணக்கு சொல்றேன். காலைல ஒம்பதே காலுக்கு ஹொன் கவகோயே, டயபர், பால். பத்துக்குள்ள தெரு முழுக்க ஒரு நடை, ஓசாவா வீடு, 1918-ல கட்டின கும்பம் வச்ச பேங்க் கட்டிடம் எல்லாம் வெளியிலேர்ந்து. கடைங்க தெறந்ததும் கேரியர்ல கட்டிகிட்டு ரெண்டே கடை. மிட்டாய் சந்து இருபது நிமிஷம். பதினொன்னரைக்கு கிழங்கு, பன்னெண்டுக்கு மணி, அப்புறம் தாத்தாமில சாப்பாடு. ரெண்டு மணி வண்டில திரும்பிடலாம்னு ப்ளான், ஹிகாவா ஆசைல மூணு வரைக்கும் இழுத்தேன், அந்த மணிய பத்திதான் மேலயே சொன்னேனே.

அக்டோபர் தேர்த்திருவிழாவுக்கு பாப்பாவோட போலாமா?

மூணாவது ஞாயிறும் அதுக்கு முந்தின சனியும். யுனெஸ்கோ பட்டியல்ல 2016-ல சேந்தது. தேருங்க ராத்திரில தெருமுனைல எதிரெதிர நின்னு ஒரே நேரத்துல மேளம் அடிச்சு போட்டி போடும், பிரமாதமா இருக்கும். அந்த ராத்திரி பாப்பாவோட வேணவே வேணாம், கூட்டத்துல கைய தூக்கினா இறக்க முடியாது. ரொம்ப ஆசையா இருந்தா சனிக்கிழம பகல்ல, மெயின் தெருவுக்கு வராம பக்கத்துத் தெருவுல தேர் நகர்றத மட்டும் பாத்துட்டு, இருட்டறதுக்குள்ள ட்ரெயின் ஏறிடுங்க.